யார் போட்டது என்று தெரியாத கையெழுத்து மருத்துவ மோசடியை எப்படித் தடுக்கும்?

மருத்துவமனைகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இடையே ஓடும் மென்பொருளில் வேலை செய்கிற ஒருவர் கேட்டிருக்கிறார்: "போலி மருந்துச் சீட்டு, போலி க்ளெய்ம் இவற்றைத் தடுக்க குழுக் கையொப்பம் உதவும் என்கிறார்கள். கையெழுத்துப் போட்டவர் பெயரையே மறைத்துவிட்டால் அது திருடனுக்குத்தானே வசதி? சாதாரண டிஜிட்டல் கையெழுத்தே போதாதா?"

நியாயமான சந்தேகம். குழுக் கையொப்பம் என்பது ஒரு குழுவில் உள்ள யாரோ ஒருவர் போட்டது என்று மட்டும் காட்டுகிற டிஜிட்டல் கையெழுத்து. ஆனால் அதில் பெயர் காணாமல் போய்விடுவதில்லை. கையெழுத்துக்குள்ளேயே அது பூட்டப்பட்டு இருக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்கிறது, எப்போது திறக்கலாம் என்பதை ஒழுங்காக முடிவு செய்தால் மோசடியும் குறையும், நோயாளியின் ரகசியமும் காப்பாற்றப்படும். அந்த முடிவில் கோட்டை விட்டால் எந்தக் கணிதமும் கைகொடுக்காது.

முதலில் நான் பார்த்த ஒரு காட்சி. சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். மேசையில் ஒரு கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் ஒரு யூஎஸ்பி ஹப், அதில் வரிசையாக நான்கு டிஎஸ்சி டோக்கன்கள், அதாவது டாக்டர்களின் டிஜிட்டல் கையெழுத்துச் சாவி இருக்கும் சின்ன யூஎஸ்பி கருவிகள். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை பிளாஸ்திரி. அதில் பேனாவால் டாக்டரின் இனிஷியல், அதற்குக் கீழே பின் நம்பர். டிஸ்சார்ஜ் சம்மரி தயாரானதும் அங்கிருந்த பையன் பிளாஸ்திரியைப் பார்த்து நம்பரைத் தட்டுவான், கையெழுத்து விழுந்துவிடும். டாக்டர் அந்த நேரத்தில் ஆபரேஷன் தியேட்டரில் இருப்பார், இல்லை வீட்டுக்குப் போயிருப்பார். யாரும் கெட்ட எண்ணத்தில் அப்படி வைத்திருக்கவில்லை. டாக்டருக்கு நேரமில்லை, க்ளெய்ம் அன்றைக்கே போயாக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நாளைக்கு யாராவது வராத நோயாளிக்குச் செய்யாத ஆபரேஷன் என்று ஒரு சம்மரி தயாரித்தால், அதற்கும் அதே கையெழுத்துதான் விழும். அதுவும் டாக்டரே போட்டதாகத்தான் கணக்கில் வரும்.

மருத்துவ மோசடி ஒரே வகை கிடையாது. டாக்டரே இல்லாதவர் டாக்டர் பெயரில் சீட்டு எழுதுவது ஒன்று. பத்து மாத்திரையை நூறாகத் திருத்துவது, ஒரே சீட்டை நாலு கடையில் காட்டுவது, வராத நோயாளிக்கு பில் போடுவது என்று இன்னும் பல. வந்த நோயாளிக்கே தேவையில்லாத சிகிச்சையைச் செய்து பணம் பார்ப்பதும் உண்டு. இந்தக் கடைசி வகையைத் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

அளவு எப்படிப்பட்டது என்று தெரிய இரண்டு செய்திகள் போதும். ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தைத் தணிக்கை செய்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள் 9999999999 என்ற ஒரே கைபேசி எண்ணில் பதிவாகியிருந்தார்கள். கைபேசி எண்ணை வைத்து ஆளைச் சரிபார்ப்பதில்லை என்று அரசு விளக்கம் தந்தது. ஆனால் அதே அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது: இறந்துவிட்டதாகத் தரவுத்தளத்திலேயே ஏற்கெனவே பதிவாகியிருந்த 3,446 பேருக்கு சிகிச்சை அளித்ததாக 6.97 கோடி ரூபாய் போயிருக்கிறது. அமெரிக்காவில் இன்னும் பெரிய அளவு. 2025 ஜூன் இறுதியில் அந்நாட்டு நீதித்துறை 324 பேர் மீது வழக்குத் தொடுத்ததாக அறிவித்தது. குற்றச்சாட்டில் உள்ள பொய் க்ளெய்ம்களின் மொத்த மதிப்பு 1,460 கோடி டாலருக்கு மேல். அதில் ஒரே கும்பல் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் திருடப்பட்ட அடையாளங்களை வைத்து, சிறுநீர்க் குழாய் (கதீட்டர்) போன்ற பொருள்களைக் கொடுத்ததாகக் கணக்குக் காட்டி, 1,060 கோடி டாலர் கேட்டிருக்கிறது என்பது குற்றச்சாட்டு. யாருடைய பெயரில் கேட்டார்களோ, அந்த நோயாளிகளுக்கு எதுவும் தெரியாது.

இங்கெல்லாம் குறை ஒன்றுதான். "இது நடந்தது" என்று சொல்ல உரிமை உள்ளவர் உண்மையிலேயே அதைச் சொன்னாரா என்று சரிபார்க்க வழி இல்லை.

சரி, ஒவ்வொரு டாக்டரும் தன் பெயரிலேயே டிஜிட்டல் கையெழுத்துப் போட்டால் தீர்ந்ததே என்று தோன்றும். ஜெர்மனியில் அப்படித்தான் செய்கிறார்கள். 2024 ஜனவரி 1 முதல் அங்கே பொதுக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு மின் மருந்துச் சீட்டு கட்டாயம். டாக்டர் தன் தொழில் அட்டையை வைத்துத் தன் பெயரில் கையெழுத்திடுகிறார். போலிச் சீட்டு, திருத்திய சீட்டு இரண்டையும் அது நன்றாகத் தடுக்கும்.

ஆனால் டாக்டரின் பெயரே ஒரு நோய்க்குறிப்பு. சீட்டில் நோயாளி பெயருக்குப் பதில் ஒரு எண், மருந்தின் பெயரும் மறைப்பு, டாக்டர் பெயர் மட்டும் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த டாக்டர் மனநல மருத்துவராக இருந்தால், எச்ஐவிக்குச் சிகிச்சை தரும் ஏஆர்டி மையத்தில் இருப்பவராக இருந்தால், கீமோ கொடுப்பவராக இருந்தால், மறைத்ததெல்லாம் வீண். மாதம் ஒருமுறை அந்தப் பெயருள்ள சீட்டு வருகிற எண் யாருடையது என்று அலுவலக மனிதவளப் பிரிவுக்கோ, குடும்பத்தில் ஒருவருக்கோ தெரிந்தால் போதும். எச்ஐவி பற்றிய நம் 2017ஆம் ஆண்டுச் சட்டமும், அதே ஆண்டு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டமும் ரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே எழுதி வைத்திருக்கின்றன. காகிதத்தில் இருக்கும் அந்த உரிமை, டாக்டர் பெயரோடு நாலு கம்பெனிகளின் சர்வரில் ஓடும் தரவில் எங்கே இருக்கிறது?

டாக்டர் பக்கத்திலும் ஒரு பிரச்சினை உண்டு, அது அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. அங்கே மருந்துக் கடைகள் சீட்டுத் தகவலிலிருந்து நோயாளி பெயரை எடுத்துவிட்டு, டாக்டர் பெயரை அப்படியே வைத்துத் தரவு நிறுவனங்களுக்கு விற்றன. மருந்து கம்பெனிகள் அதை வாங்கி, எந்த டாக்டர் எந்த மருந்தை எவ்வளவு எழுதுகிறார் என்று பார்த்துத் தங்கள் விற்பனைப் பிரதிநிதிகளை அனுப்பின. 2006ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலமும் 2007ல் வெர்மான்ட் மாநிலமும் இதற்குத் தடைச் சட்டம் போட்டன. ஐஎம்எஸ் ஹெல்த் என்ற தரவு நிறுவனம் தொடுத்த வழக்கில், 2011 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் வெர்மான்ட் சட்டத்தைப் பேச்சுரிமைக்கு எதிரானது என்று சொல்லி ரத்து செய்தது. தரவு கையில் கிடைத்த பிறகு அதைத் தடுப்பது எவ்வளவு கடினம் என்று இதில் தெரிகிறது.

அந்தத் தீர்ப்புக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 2002ல், ஜூசெப்பே அட்டெனியேசே, ப்ரெனோ டி மெதெய்ரோஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதே சிக்கலுக்குக் கணித வழி ஒன்றை எழுதியிருந்தார்கள். மருந்துச் சீட்டில் டாக்டர் குழுக் கையொப்பம் இட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். நீங்கள் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிக நேரான பதில் அந்த வேலையில்தான் இருக்கிறது.

குழுக் கையொப்பம் என்ற கருத்தை 1991ல் டேவிட் சௌமும் வான் ஹேஸ்ட்டும் முன்வைத்தார்கள். புரிந்துகொள்ள நம் ஊர்ப் பொதுத்தேர்வை நினைத்துக்கொள்ளுங்கள். விடைத்தாளில் பெயரும் பதிவெண்ணும் இருக்கிற பகுதியைக் கிழித்து எடுத்துவிட்டு டம்மி நம்பர் போடுவார்கள். திருத்தும் ஆசிரியருக்கு அது உண்மையான மாணவனின் தாள் என்று தெரியும், எந்த மாணவன் என்று தெரியாது. பிரச்சினை வந்தால் தேர்வுத் துறை டம்மி நம்பரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும். குழுக் கையொப்பம் அந்த மாதிரிதான், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தேர்வில் டம்மி நம்பரை அலுவலகம் போடுகிறது, அலுவலகத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது, பட்டியல் திருடு போனால் எல்லாம் போச்சு. இங்கே டாக்டரே ஒவ்வொரு கையெழுத்துக்கும் புதிதாக ஒரு டம்மி நம்பரை உண்டாக்குகிறார், அதற்குள் தன் உண்மையான அடையாளம்தான் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சியும் சேர்த்துத் தருகிறார். எந்த டம்மி நம்பர் யாருடையது என்ற பட்டியலே தேவையில்லை.

உள்ளே நடப்பது இதுதான். மருத்துவ கவுன்சில் மாதிரி ஓர் அமைப்பு குழுவை நடத்துகிறது. குழு முழுவதற்கும், கையெழுத்தைச் சரிபார்க்க ஒரே ஒரு பொதுச் சாவி, அது ஊருக்கே தெரியும். டாக்டர் சேரும்போது தன் கார்டுக்குள்ளேயே ஒரு ரகசிய எண்ணை உருவாக்கிக்கொள்கிறார். கவுன்சில் அந்த எண்ணைப் பார்க்காமலே அதற்கு ஒரு சான்று கொடுக்கிறது. பார்க்காமல் கொடுப்பது மிக முக்கியம். பார்த்திருந்தால், நாளைக்குக் கவுன்சிலில் இருக்கும் ஒருவரே டாக்டர் போட்ட மாதிரி கையெழுத்தை உண்டாக்கி அவரை மாட்டிவிட முடியும். அப்புறம், சீட்டில் கையெழுத்திடும்போது டாக்டரின் கார்டு தன் சான்றை, திறப்பவருக்கு, அதாவது பிரச்சினை வந்தால் பெயரைத் திறந்து பார்க்க உரிமை உள்ளவருக்கு மட்டும் திறக்கும்படி பூட்டுகிறது. இந்தப் பூட்டுக்குள் இருப்பது கவுன்சில் கொடுத்த செல்லுபடியாகும் சான்று, அதற்குரிய ரகசிய எண் எனக்குத் தெரியும், இந்தச் சீட்டின் வாசகத்தோடுதான் இதைக் கட்டியிருக்கிறேன் என்ற மூன்றையும், சான்றையோ எண்ணையோ வெளியே காட்டாமல் நிரூபிக்கிறது. ஜீரோ நாலெட்ஜ் ப்ரூஃப் என்று சொல்வது இதைத்தான்.

கடையில் இருப்பவர் ஒரே பொதுச் சாவியை வைத்துச் சரிபார்க்கிறார். பதிவு பெற்ற ஒரு டாக்டர் எழுதியது, எழுதியபின் ஒரு எழுத்துகூட மாறவில்லை என்று தெரிகிறது. யார் என்று தெரியாது. காலையில் ஒரு சீட்டும் மாலையில் ஒரு சீட்டும் அதே டாக்டரிடமிருந்து வந்தால்கூட, இரண்டும் ஒருவருடையதுதான் என்று கண்டுபிடிக்க முடியாது.

ஆரம்பத்தில் இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காயாகத்தான் இருந்தது. முதலில் வந்த முறைகளில் ஆள் சேரச் சேர பொதுச் சாவியும் கையெழுத்தும் பெருத்துக்கொண்டே போயின. 1997ல் காமெனிஷும் ஸ்டாட்லரும் அளவை ஆள் எண்ணிக்கையிலிருந்து பிரித்தார்கள். குழுவில் நூறு பேர் இருந்தாலும் பத்து லட்சம் பேர் இருந்தாலும் கையெழுத்து ஒரே நீளம். 2004ல் போனே, போயென், ஷாஹாம் மூவரும் கொடுத்த முறையில் கையெழுத்து 200 பைட்டுக்குள் அடங்கியது. இன்றைய பாதுகாப்பு அளவுக்கு அதைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். ஆனாலும் மருந்துச் சீட்டின் க்யூஆர் குறிக்குள் தாராளமாக இடம் இருக்கிறது. 2003லும் 2005லும் பெல்லாரேயும் உடன் எழுதியவர்களும் இதற்கான பாதுகாப்பு வரையறைகளைத் துல்லியமாக வகுத்தார்கள். 2005 வரையறையில் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு விஷயம் உண்டு: ஆளைச் சேர்ப்பவரும் கையெழுத்தைத் திறப்பவரும் வேறு வேறு ஆளாக இருக்கலாம். அமைப்பை வடிவமைக்கும்போது அதை விட்டுவிடாதீர்கள்.

இனி மோசடிக்கு வருவோம். டாக்டர் அல்லாதவர் எழுதும் சீட்டும் திருத்திய சீட்டும் இதில் சாதாரண டிஜிட்டல் கையெழுத்தில் தடுக்கப்படுவது போலவே தடுக்கப்பட்டுவிடும். ஒரே சீட்டை நாலு கடையில் காட்டுவதற்கு, சீட்டுக்குள் ஒருமுறை மட்டும் செல்லும் ஒரு வரிசை எண் வேண்டும். கடை மருந்தைக் கொடுத்ததும் அந்த எண் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். இரண்டாவது கடையில் அதே எண் வந்தால் சிவப்பு விளக்கு. யார் வாங்கினார், யார் எழுதினார் என்று அந்தப் பதிவேட்டுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

வராத நோயாளிக்கு பில் போடுவதைத் தடுக்க, நோயாளியும் கையெழுத்திட வேண்டும். இதில்தான் பெரிய லாபம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பெரும்பாலானவர்கள் டாக்டர் கையெழுத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். காப்பீடு உள்ள எல்லோரும் ஒரு குழு. சேவையைப் பெறும்போது நோயாளியின் கார்டு "காப்பீடு உள்ள ஒருவர் இதைப் பெற்றுக்கொண்டார்" என்று குழுக் கையொப்பம் இடுகிறது. பரிசோதனைக் கூடத்துக்கும் மருந்துக் கடைக்கும் அவர் பெயர் தேவையில்லை, பணம் வரும் என்பது தெரிந்தால் போதும். அந்தச் சிறுநீர்க் குழாய் வழக்கில், திருடப்பட்ட பெயரும் எண்ணும் இருந்தாலே க்ளெய்ம் அனுப்ப முடிந்தது. நோயாளியின் கார்டுக்குள் இருக்கும் ரகசிய எண் இல்லாமல் க்ளெய்ம் நகராது என்றிருந்தால் பத்து லட்சம் பெயர்கள் கையில் இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஆனால் மயக்கத்தில் கொண்டுவரப்பட்டவர், கார்டைத் தொலைத்தவர், கைநாட்டு வைக்கிற மூதாட்டி இவர்களுக்கு மாற்று வழி வைத்தே ஆக வேண்டும். அந்த மாற்று வழிதான் திருடன் நுழையும் கதவாகவும் ஆகும். அதனால் அதில் வரும் க்ளெய்ம்களைத் தனியாக, ஆள் வைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் சந்தேகத்தின் மையத்துக்கு வருகிறேன். காப்பீட்டு நிறுவனங்கள் மோசடியைக் கண்டுபிடிப்பதே பெரும்பாலும் எண்ணிக்கையைப் பார்த்துத்தான். ஒரே டாக்டர் பெயரில் ஒரே நாளில் எழுபது எண்டோஸ்கோப்பி வந்தால் யாராவது போன் போடுவார்கள். எல்லாக் கையெழுத்தும் தொடர்பில்லாமல் தெரிந்தால் அந்த எழுபதும் எழுபது வெவ்வேறு டாக்டர் மாதிரி இருக்கும். நீங்கள் சொன்னது சரிதான், வெறும் குழுக் கையொப்பத்தை அப்படியே கொண்டுவந்து போட்டால் அது திருடனுக்கு வசதிதான்.

இதற்குத் தீர்வு இருக்கிறது, அது புதிதும் இல்லை. கையெழுத்தோடு ஒரு சிறிய முத்திரையும் சேர்ந்து வர வேண்டும். டாக்டரின் ரகசிய எண்ணையும், ஒரு சூழலையும் சேர்த்துக் கணக்கிட்டு வருவது அந்த முத்திரை. சூழல் என்பது "இந்தக் காப்பீட்டு நிறுவனம், 2025 மார்ச்" என்று இருக்கலாம். அதே டாக்டர், அதே நிறுவனம், அதே மாதம் என்றால் முத்திரை மாறாது. அடுத்த மாதமோ வேறு நிறுவனமோ என்றால் முத்திரை வேறு, இரண்டையும் இணைக்க முடியாது. ஆக, பெயர் தெரியாமலே "இந்த முத்திரையில் இன்றைக்கு எழுபது வந்திருக்கிறது" என்று கணினி சொல்லும். கம்ப்யூட்டர்களில் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்புக்காக 2004ல் பிரிக்கெல், காமெனிஷ், சென் மூவரும் வடிவமைத்த முறையில் இதே உத்தி இருக்கிறது. அதாவது இந்த வகைக் கணிதம் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்குள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த ஒன்று. ஒரே வித்தியாசம், அங்கே திறப்பவர் என்று யாரும் கிடையாது.

சூழலை எவ்வளவு அகலமாக வைப்பது என்பதுதான் உண்மையான விவாதம். ஒரு வருடம் என்று வைத்தால் அந்த முத்திரையின் நடையைப் பார்த்தே யார் என்று ஊகித்துவிடலாம். ஒரு நாள் என்று வைத்தால் மெதுவாகத் திருடுபவன் தப்பித்துவிடுவான். மருந்துக் கடைச் சீட்டுகளுக்கு ஒரு மாதம், தூக்க மாத்திரை, வலி நிவாரணி போல அடிமைப்படுத்தும் மருந்துகளுக்கு மூன்று மாதம் என்று தொடங்குங்கள் என்பேன். ஐந்து டாக்டரிடம் போய் ஒரே தூக்க மாத்திரையை வாங்கும் நோயாளியையும் இதே முறையில், நோயாளி பக்கத்து முத்திரையை வைத்துப் பிடிக்கலாம்.

எண்ணிக்கை அதிகம் என்பதாலேயே மோசடி என்று ஆகிவிடாது. மதுரையில் 1976ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் கண்புரை ஆபரேஷன்கள் நடக்கும் வேகம் வேறெங்கும் பழகிய கணினிக்கு மோசடியாகத்தான் தெரியும். முத்திரை எச்சரிக்கை கொடுத்ததும் பெயரைத் திறந்துவிடக் கூடாது. முதலில் அந்த முத்திரைக்கே ஒரு கேள்வி அனுப்பலாம், டாக்டர் பெயர் சொல்லாமலே அதே ரகசிய எண்ணால் பதில் கையெழுத்திட்டு விளக்கம் தரலாம். விளக்கம் சரியில்லை என்றால்தான் அடுத்த படி.

அந்த அடுத்த படி, திறப்பு. இங்கேதான் பல வடிவமைப்புகள் கெட்டுப்போகின்றன. திறக்கும் சாவியைக் காப்பீட்டு நிறுவனத்திடமே கொடுத்துவிட்டால் மறைத்ததற்கு அர்த்தமே இல்லை. பணம் கொடுப்பவர் கையில் இருந்தால் பணத்தைக் குறைப்பதற்காகவே எல்லாவற்றையும் திறந்து பார்ப்பார். கவுன்சிலிடம் மட்டும் கொடுத்தால், தங்கள் ஆட்களைக் காப்பாற்றத் திறக்காமலே இருந்துவிடலாம். சாவியை உடைத்துப் பல பேரிடம் கொடுப்பதுதான் சரி. 1979ல் ஷமீர் காட்டிய வழியில், மூன்று துண்டாக்கி எந்த இரண்டு சேர்ந்தாலும் திறக்கும்படி செய்யலாம். மருத்துவ கவுன்சில், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், நோயாளி தரப்புக்கு ஒரு சுதந்திர அமைப்பு என்று மூன்று கைகள். ஒவ்வொரு திறப்பும் யாரும் அழிக்க முடியாத பதிவில் ஏற வேண்டும். திறந்தவர் "இது இந்த டாக்டர்" என்று வாயால் சொன்னால் போதாது. சரியாகத்தான் திறந்தேன் என்ற நிரூபணமும் அதோடு வர வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். இல்லாவிட்டால் வேண்டாதவர் பெயரைச் சொல்லி மாட்டிவிடலாம்.

ஒரு டாக்டர் மீது சந்தேகம் உறுதியாகிவிட்டால், அவருடைய மற்ற கையெழுத்துகளையும் தேட வேண்டி வரும். அதற்காகப் பதிவில் இருக்கும் எல்லாக் கையெழுத்தையும் திறந்து பார்த்தால் குற்றமற்ற ஆயிரம் பேரின் ரகசியமும் போகும். கியாயியாஸ், சியூனிஸ், யுங் மூவரும் 2004ல் இதற்கென்றே ஒரு முறை கொடுத்தார்கள். ஒரே ஒருவருக்கான தேடும் சாவியை மட்டும் வெளியிட்டால் அவர் போட்டவை மட்டும் தானாக வெளியே வரும், மற்றவர்களுடையது பூட்டியபடியே இருக்கும். விசாரணை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு மிகவும் பிடித்த வேலை இது.

முன்பு தனியாக ஞாபகம் வைக்கச் சொன்ன வகை, டாக்டரே பொய் சொல்வது. மிச்சிகன் மாநிலத்தில் ஃபரீத் ஃபதா என்ற புற்றுநோய் மருத்துவர் புற்றுநோயே இல்லாதவர்களுக்கும் கீமோ கொடுத்து பில் போட்டார். பாதிக்கப்பட்டவர்களாகக் கணக்கில் வந்தவர்கள் 553 பேர். 2015 ஜூலையில் அவருக்கு 45 ஆண்டு சிறை. அவர் உண்மையான டாக்டர், வந்தவர்கள் உண்மையான நோயாளிகள், கையெழுத்தும் அவருடையதே. எந்தக் கையொப்ப முறையும் அவரைத் தடுத்திருக்காது. உள்ளே வேலை செய்தவர் அரசிடம் போய்ச் சொன்னதால்தான் அது வெளியே வந்தது. அப்படிச் சொல்ல வருபவருக்கு இதன் பங்காளியான வளையக் கையொப்பம் உதவும். ரிவெஸ்ட், ஷமீர், டாமன் 2001ல் கொடுத்தது. "இந்த மருத்துவமனையின் நாற்பது டாக்டர்களில் ஒருவர் சொல்கிறேன்" என்று நிரூபிக்கலாம், அதைத் திறக்க உலகத்தில் யாரிடமும் சாவி கிடையாது. பணம் கேட்கும் கையெழுத்தைத் திறக்க வழி இருக்க வேண்டும். தவறைச் சொல்லும் கையெழுத்தை யாரும் திறக்கக் கூடாது. இரண்டையும் ஒரே முறையில் செய்ய முயலாதீர்கள்.

நம் ஊரில் செய்வதானால் சட்டப் பக்கமும் பார்க்க வேண்டும். விற்பனையில் கூடுதல் கட்டுப்பாடு உள்ள ஹெச்1 அட்டவணை மருந்துகளை விற்கும் கடை, எழுதிய டாக்டரின் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், 2014 மார்ச் முதல் இதுதான் விதி. ஆகவே அந்த மருந்துகளுக்குக் கடையிடம் பெயரை மறைக்க முடியாது. ஆனால் கடைப் பதிவேட்டில் பெயர் இருப்பது வேறு, அந்தப் பெயர் காப்பீட்டு நிறுவனம், அதற்காக க்ளெய்ம்களைக் கையாளும் டிபிஏ, அவர்களின் தரவு ஒப்பந்தக்காரர் என்று வரிசையாகப் பயணிப்பது வேறு. கடைக்கு அப்பால் போகும் பதிவில் குழுக் கையொப்பத்தை வையுங்கள். உள்நோயாளி க்ளெய்மில் இதற்கு வேலை குறைவு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பல லட்சம் ரூபாய் ஆபரேஷனுக்குப் பணம் தருபவருக்கு யாருக்கு, யார் செய்தார் என்று தெரிய வேண்டியதுதான். மருந்துக் கடை, பரிசோதனைக் கூடம், வெளிநோயாளி, மனநல ஆலோசனை, இங்கேதான் இதன் இடம்.

குழு எவ்வளவு பெரியது என்பதிலும் கவனம் வேண்டும். மனநல மருத்துவர்களுக்கென்று தனிக் குழு அமைத்தால் குழுவின் பெயரே நோயைச் சொல்லிவிடும். பதிவு பெற்ற எல்லா டாக்டரும் ஒரே குழு என்று இருக்கட்டும். பதிவில் பின்கோடு இருந்து, அந்தப் பின்கோடில் ஒரே ஒரு டாக்டர்தான் உட்கார்ந்திருக்கிறார் என்றால் கணிதம் மறைத்ததைத் தபால் துறை காட்டிக்கொடுக்கும். பதிவு ரத்தான டாக்டரை நீக்குவதற்கும், தொலைந்த கார்டை முடக்குவதற்கும் அன்றாடம் புதுப்பிக்கும் பட்டியல் வேண்டும். சரிபார்க்கும் ஒவ்வொரு கடையும் அதைப் பார்க்கிறதா என்பதைச் சோதித்துக்கொண்டே இருங்கள்.

இன்னொன்று, மருத்துவ ரகசியத்துக்கு ஆயுள் அதிகம். இன்று 25 வயதில் இருப்பவரின் மனநலச் சீட்டு நாற்பது ஆண்டு கழித்தும் அவரைப் பாதிக்கும். இன்றைய சிறிய குழுக் கையொப்பங்களில் பெயரைப் பூட்டும் பூட்டு, பெரிய குவாண்டம் கணினி வந்தால் உடையும். இன்றைக்குச் சேர்த்து வைத்தவர் அன்றைக்குத் திறப்பார். அமெரிக்காவில் தரநிலைகளை வகுக்கும் நிஸ்ட் அமைப்பு 2024 ஆகஸ்டில் குவாண்டத்துக்குத் தாக்குப்பிடிக்கும் முதல் தரநிலைகளை வெளியிட்டது, ஆனால் அவை சாதாரணக் கையெழுத்துக்கும் சாவிப் பரிமாற்றத்துக்கும் மட்டும். குழுக் கையொப்பம் அதில் இல்லை. குவாண்டத்துக்குத் தாக்குப்பிடிக்கும் என்று கருதப்படும் லாட்டிஸ் கணிதத்தில் அதற்கான முயற்சிகள் 2010 முதல் நடக்கின்றன, கையெழுத்து இன்னும் பல பத்து கிலோபைட் பெருத்துதான் இருக்கிறது. அதுவரை, பணம் பட்டுவாடா முடிந்து தகராறுக்கான காலமும் கடந்ததும் கையெழுத்துப் பகுதியை அழித்துவிடுங்கள். இல்லாத பூட்டை யாரும் உடைக்க முடியாது.

நீங்கள் ஒரு சோதனை முயற்சி செய்யப் போவதாக எழுதியிருந்தீர்கள். ஒரே மாவட்டம், பத்துப் பதினைந்து மருந்துக் கடை, ஒரே காப்பீட்டு நிறுவனம் என்று வைத்துக்கொண்டு, பெயரோடு இருக்கும் பழைய முறையையும் சேர்த்தே ஆறு மாதம் ஓட்டுங்கள். முத்திரை எச்சரிக்கைகள் பழைய முறை பிடித்த மோசடிகளைப் பிடிக்கின்றனவா என்று ஒப்பிட முடியும். கணிதத்தை நீங்களே எழுதாதீர்கள், ஐஎஸ்ஓ 20008 தரநிலையில் குழுக் கையொப்ப முறைகள் தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கின்றன, அதிலிருந்து எடுங்கள். ஆனால் நிரல் எழுத உட்காரும் முன் ஒரு வேலை இருக்கிறது. அந்த மாவட்டத்தில் இருக்கும் மருத்துவமனைகளின் காப்பீட்டுப் பிரிவுக்கு நேரில் போங்கள். யூஎஸ்பி ஹப்பில் டோக்கன்கள் செருகியிருந்தால் எடுத்து, பிளாஸ்திரியைக் கிழித்து, அந்தந்த டாக்டர் கையில் கொடுங்கள். விரல் வைத்தால் மட்டும் திறக்கும் கார்டும், தியேட்டர் வாசலிலேயே அரை நிமிடத்தில் கையெழுத்திட ஒரு கருவியும் அவருக்கு வேண்டும். பையனிடம் பின் நம்பர் போனதே டாக்டருக்கு அந்த அரை நிமிட வழி இல்லாததால்தான்.